அரை வீசை வெல்லம்: அம்மா நோட்டில் ஒரு அளவுக் கணக்கு

இந்த எபிசோடில் ராஜாக்கள் கொஞ்ச நேரம்தான் வருவாங்க. முழுக்க வரப்போறது அதிரசம்.

எங்க அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகுது. போன தீபாவளிக்கு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கலை, துக்க வருஷம். இந்த வருஷம் அப்பா போன்ல, "அதிரசம் கடையிலயே வாங்கிரலாம்ல?" என்று கேட்டார். அந்தக் குரல் என்னமோ செஞ்சுது. "வேண்டாம்பா, நானே பண்றேன்"னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் நான் செஞ்ச பெரிய சமையல் மேகிதான்.

தைரியம் கொடுத்தது அம்மாவோட நோட்டு. 1991-ல் கல்யாணம் நிச்சயமானதும், அம்பாசமுத்திரத்தில் ஆச்சி சொல்லச் சொல்ல அம்மா எழுதினது. பின்பக்கங்களில் அம்மா தானாகக் கற்றுக்கொண்ட கேக், பனீர் எல்லாம் கிராமில், மில்லியில் இருக்கு. முன்பக்கங்கள் அப்படி இல்லை. அதிரசத்துக்கு மொத்தம் நாலே வரி: "பச்சரிசி தட்டிய படி 1. வெல்லம் அரை வீசை. ஏலம், சுக்கு. பாகு உருட்டுப் பதம்." ஓரத்தில் பென்சிலில் மங்கலாக 18 என்று ஓர் எண். யூனிட் கிடையாது. ஏதோ பால் கணக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

படின்னா ஒரு கிலோ என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். வீசையைத் தேடினேன், 1.63 கிலோ என்று வந்தது. பாதி 816 கிராம். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைத்து, பாகு காய்ச்சி, மாவைக் கிளறி ஒரு நாள் வைத்தேன். வாழை இலையில் தட்டி எண்ணெயில் போட்டால், அது பாட்டுக்கு விரிந்து, பிரிந்து, கரைந்து போய்விட்டது. கரண்டியில் வந்தது வெல்ல மண்டி மட்டும்.

பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் கேள்வியே, "ஏல, நீ எந்தப் படியில அளந்த?"

இங்கேதான் வரலாறு உள்ளே வருது. படி என்பது ஊருக்கு ஊர் மாறின அளவு. இது இன்று நேற்றுச் சிக்கல் இல்லை. 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் நெல் அளக்கும்போது வெறும் மரக்கால் என்று விடமாட்டார்கள். 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தது என்று பெயர் சொல்லியே எழுதுவார்கள். எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் நாளைக்குத் தகராறு வரும். திருப்பதிக் கோயிலின் விஜயநகர காலக் கல்வெட்டுகளிலும் அதிரசப்படி என்றொரு நிவேதனம் வருது. இந்த அரிசிக்கு இவ்வளவு நெய், இத்தனை பலம் என்று கோயில்காரர்கள் கல்லிலேயே பட்டியல் வெட்டி வைத்தார்கள்.

சுதந்திரத்துக்கு அப்புறம் மத்திய அரசு இந்தக் குழப்பத்தை முடித்துவைக்க நினைத்தது. எடை, அளவுச் சட்டம் 1956-ல் வந்தது. 1957 ஏப்ரல் 1-ல் பதினாறு அணா ரூபாய் நூறு நயா பைசா ரூபாய் ஆனது. 1958 அக்டோபரில் கிலோ நுழைய ஆரம்பித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் கடைத் தராசில் வீசையும் பலமும் சட்டப்படி செல்லாதவை ஆயின. கடையில்தான் செல்லாது, அடுப்படிக்கு இன்ஸ்பெக்டர் வருவதில்லையே. 1991-லும் ஆச்சி வீசையில் சொல்ல, கிலோவில் படித்த அம்மா வீசையிலேயே எழுதியிருக்காங்க.

அடுத்த வாரம் பஸ் ஏறிப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ஆச்சியோட இரும்புப் படி பரணில் இருந்தது. தண்ணீர் ஊற்றி டிஜிட்டல் தராசில் வைத்தேன்: 1,340 மில்லி. ஏட்டுக் கணக்கோடு சரியாகப் பொருந்துது. ஒரு ஆழாக்கு 168 மில்லி, எட்டு ஆழாக்கு ஒரு படி. பச்சரிசியைக் கொட்டினேன். "குவிக்காத, தட்டிய படின்னுதானே எழுதிருக்கு" என்று பெரியம்மா கையாலேயே விளிம்போடு வழித்துத் தட்டினார். 1,140 கிராம்.

இனி வீசை. நான் எடுத்த 1.63 கிலோ பர்மா வீசை. மியான்மரில் இன்றும் அதில்தான் காய்கறி நிறுக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதைக் குறிக்கும் 'விஸ்' என்ற சொல்லே நம்ம வீசையிலிருந்து போனதுதான். பெயர் ஒன்று, எடை வேற. மெட்ராஸ் வீசை 40 பலம். ஒரு பலம் சுமார் 35 கிராம். ஆக 1.4 கிலோ, அரை வீசை 700 கிராம்.

கணக்குப் பாருங்க. ஒரு கிலோ அரிசிக்கு சுமார் 615 கிராம் வெல்லம் விழ வேண்டிய இடத்தில் நான் 816 போட்டிருக்கேன். ரெண்டு தப்பும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கு. 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை எட்டியதும் தொலைந்தது, ஒரு குழு பவுண்டில் கொடுத்த எண்ணை இன்னொரு குழு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதால். அவங்க தொலைத்தது விண்கலம், நான் தொலைத்தது அதிரசம். பக் ஒன்றுதான்.

ரெண்டாவது முறை அதிரசம் நின்றது. ஓரம் சிவந்து, நடுவில் மெத்தென்று வந்தது. அப்பா ஒன்றை எடுத்துப் பாதி தின்றார். நல்லாயிருக்கு என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்கம்மா இவ்ளோ இனிப்பாப் போடமாட்டாளே" என்றார்.

சுருக்கென்று இருந்தது. கல்வெட்டு வரைக்கும் போய்ச் சரிபார்த்த அளவு அது. நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அரை வீசை, அதாவது 20 பலம். ஓரத்தில் 18.

அது பால் கணக்கு இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த பிறகு அம்மா ரெண்டு பலத்தைக் குறைத்திருக்காங்க. அதாவது 70 கிராம். அப்பாவிடம் சொல்லவேயில்லை. பின்பக்கங்களில் கிராம் எழுதிய அதே கைதான், இந்தப் பக்கத்துக்கு வந்தால் ஆச்சியோட பலத்தில்தான் யோசித்திருக்கு. நாற்பது பலம் ஒரு வீசை என்று தெரியாதவரை எனக்கு அந்த 18 ஒரு கிறுக்கலாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு 18 பலத்தில்தான் சுட்டேன். அப்பா ரெண்டு தின்றார். இனிப்பைப் பற்றிப் பேச்சே வரலை.

இப்போ அந்த நோட்டை ஸ்கேன் பண்ணி, பக்கத்துக்குப் பக்கம் கிராம் கணக்கு போட்டுட்டு இருக்கேன். அம்மா எழுதினதை அழிக்காம, பக்கத்தில் தனியாக. உங்க வீட்டிலும் அளவுப் படியோ, உழக்கோ, இதற்குத்தான் என்று பாட்டி வைத்திருந்த டம்ளரோ இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி எவ்வளவு பிடிக்குது என்று பார்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்க. கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே செய்ங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.