363 படங்கள் பிறந்த கதை

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்த மருத்துவ மாணவர், காலி செய்துகொண்டு போனபோது செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். 'கிரேஸ் அனாட்டமி' என்ற உடற்கூற்று நூலின் பழைய பதிப்பு, மலிவு மறு அச்சு. அதில் இருந்த ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. படங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. எலும்பின் பெயர் எலும்பின் மேலேயே இருக்கிறது. தசையின் பெயர் அந்தத் தசை ஓடும் திசையிலேயே வளைந்து ஓடுகிறது. அந்தக் காலத்து நூல்கள் பலவற்றில் படத்தில் சின்ன எண்தான் இருக்கும். அதற்கு விளக்கம் தேடி அடிக்குறிப்புக்கு ஓட வேண்டும். இதில் அந்த ஓட்டம் இல்லை.

புத்தகம் ஹென்றி கிரேயின் பெயரில் நிற்கிறது. படங்களை வரைந்தவர் வேறொருவர்: ஹென்றி வான்டைக் கார்ட்டர்.

1831இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா கடற்காட்சிகள் தீட்டும் ஓவியர். மகனுக்குக் கை அங்கிருந்து வந்தது, படிப்போ மருத்துவம். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிரே பாடம் நடத்தினார். மாணவர்களுக்கு ஏற்ற ஓர் உடற்கூற்று நூல் செய்வோம் என்று 1855இல் அவர் கார்ட்டரை அழைத்தார். இருவரும் சுமார் ஒன்றரை ஆண்டு பிணங்களை அறுத்தார்கள். ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, கேட்பாரில்லாமல் போனவர்களின் உடல்கள் அவை. அவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அறுத்ததைப் பார்த்து வரைந்தால் மட்டும் வேலை முடியாது. அச்சுக்குப் போவது மரக்கட்டை. கட்டையில் இடம் வலமாக, வலம் இடமாக வரைந்தால்தான் தாளில் நேராக விழும். செதுக்குபவர் கோட்டை மட்டும் மேடாக விட்டு மற்றதைத் தோண்டி எடுப்பார். அதனால் ஒவ்வொரு கோடும் தெளிவாக இருந்தாக வேண்டும், மழுப்ப இடமில்லை. அப்படிப் பிறந்தவைதான் 1858இல் வந்த முதல் பதிப்பின் 363 படங்கள்.

கூலிக் கணக்கைக் கேளுங்கள். கிரேக்கு ஒவ்வோர் ஆயிரம் பிரதிக்கும் 150 பவுண்டு. கார்ட்டருக்கு ஒரே தடவை 150 பவுண்டு, அதோடு சரி. தலைப்புப் பக்கத்தின் அச்சுப் படியில் இருவர் பெயரும் ஒரே அளவில் இருந்தன. கார்ட்டரின் எழுத்தைச் சிறிதாக்கும்படி கிரே திருத்திக் கொடுத்தார். கார்ட்டரின் பதவிக் குறிப்பையும் அடித்துவிட்டார். புத்தகம் வந்து மூன்று ஆண்டுக்குள், 1861இல், பெரியம்மை கிரேயைக் கொண்டுபோனது. அவர் பெயர் மட்டும் இன்றுவரை அச்சில் ஏறிக்கொண்டிருக்கிறது.

புத்தகம் வெளிவந்த ஆண்டிலேயே கார்ட்டர் கப்பலேறி பம்பாய்க்கு வந்துவிட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். கதை நம் பக்கம் திரும்புவது இங்கேதான்.

1842இல் மதுரை மருந்தகத்தில் இருந்த கில் என்ற மருத்துவர் ஒரு விநோதமான கால் நோயைப் பதிவு செய்திருந்தார். வெறுங்காலோடு வயலில் நடப்பவருக்கு முள் தைக்கும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கால் மெல்ல வீங்கும். பெரும்பாலும் வலி இருக்காது. பிறகு அங்கங்கே துளை விழுந்து சீழ் வடியும். சீழோடு சின்னச் சின்ன மணிகள் வரும்: சிலருக்கு வெடிமருந்துப் பொடி போலக் கறுப்பாக, சிலருக்கு மீன் சினை போல வெளிறி. மதுரையின் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது: 'மதுரைக் கால்'. புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் கொல்லாவும் இதைப் பார்த்தார். கால் எலும்புகளின் சிதைவு என்று எழுதினார்.

கார்ட்டர் அந்த மணியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். பார்த்ததை வரைந்தார். சிதைந்த எலும்பில் நிற்காமல் மணிக்குள்ளே போன கண், அங்கே பூஞ்சை இழைகளைக் கண்டது. நோய்க்கு 1860இல் அவர் வைத்த பெயர் 'மைசிட்டோமா': பூஞ்சைக் கட்டி. 1874இல் தம் ஓவியங்களோடு தனி நூலே வெளியிட்டார். பூஞ்சை மட்டுமல்ல, சில வகை பாக்டீரியாவும் இதே நோயைத் தரும் என்பது பின்னால் தெரிந்தது. ஆனாலும் வாசலைத் திறந்தது அவர் கண்தான். கை சரியாக வரைய வேண்டுமானால் கண் எதையும் தாண்டிப் போக முடியாது. மருத்துவ ஓவியரை வெறும் படக்காரர் என்று எண்ணுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தொழுநோயையும் மறுசுரத்தையும் அதே பொறுமையோடு ஆராய்ந்த கார்ட்டர், 1888இல் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பினார். 1897இல் காசநோயில் இறந்தார்.

மதுரைக் கால் நோய் மட்டும் போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் மைசிட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் காலைக் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் வெட்டி எடுக்கும் நிலை வரலாம். வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்கள் செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். முள் தைத்த இடம் வலியில்லாமல் வீங்கிக்கொண்டே வந்தால், வலிதான் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.