செய்நிரற் கல்வி: பயிற்சியும் பட்டமும்

மென்பொருளாக்கத் தொழிலை மேற்கொள்ள விரும்புவோனுக்குக் கணினி விஞ்ஞானப் பட்டம் வேண்டுமா, சில வாரப் பயிற்சி முகாம் போதுமா என்னும் வாதம் எழுமிடத்து, பட்டமே பழைய வழி, முகாம் பின்வந்த குறுக்குவழி எனக் கொள்வார் பலர். வரலாறோ இதற்கு மாறானது. பயிற்சியே முந்தியது.

1945 ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் கணினி உருவாகிக்கொண்டிருந்தபோது, அதற்குச் செய்நிரல் அமைக்கப் பெண்கள் அறுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். துளையட்டைப் பொறிகளிற் சிறிதுகாலம் பழகிய அவர்கட்கு எனியாக்கின் அமைப்புப் படங்களே பாடநூலாயின. 1946 கோடையில் அப்பல்கலைக்கழகத்து மூர் பொறியியற் பள்ளி எட்டு வார விரிவுரைத் தொடரொன்றை நடத்திற்று. கேம்பிரிட்சிலிருந்து சென்ற மோரிஸ் வில்க்ஸ் பிந்திச் சேர்ந்தமையால் அதன் இறுதிப் பகுதியையே கேட்டார். ஆயினும், நாடு திரும்பி அவர் அமைத்த எட்சாக் என்னுங் கணினி 1949 மே 6 ஆம் நாள் தன் முதற் செய்நிரலை நிறைவேற்றியது. குறுங்காலக் கல்வியின் ஆற்றலுக்கு வேறு சான்றும் வேண்டுமோ என முகாமின் சார்பாளர் வினவலாம். அவர் மறப்பதொன்றுண்டு. எனியாக் பெண்களுட் பெரும்பாலோர் கணிதப் பட்டதாரிகள். வில்க்ஸ் கலாநிதிப் பட்டம் பெற்றவர், போர்க்காலத்தில் ராடார் ஆய்வில் ஈடுபட்டவர்.

பின்னர் கேம்பிரிட்சிலும் கோடை வகுப்புகள் நடைபெற்றன. 1951 இல் நிகழ்ந்த மூன்று வார வகுப்புக்கு வந்தோருள் ஒருவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. லைடன் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயின்ற ஒல்லாந்த இளைஞர். அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கணித நிலையத்திற் செய்நிரலாளரானார். எனினும், ஏனைய தொழில்களைப் போலச் செய்நிரலாக்கத்துக்கும் தனக்கென ஓர் அறிவுத்துறை உண்டா என்னும் ஐயம் அவரை வாட்டிற்று. கணினிகள் நிலைபெறுவன, இதனை மதிப்புக்குரிய துறையாக்குவோருள் நீரும் ஒருவராகலாமே என்று அவருடைய தலைவர் வான் வைங்கார்டன் தேற்றினார். 1957 இல் டைக்ஸ்ட்ரா மணம் புரிந்தபோது, ‘செய்நிரலாளர்’ என அவர் குறித்த தொழிலை நகர அதிகாரிகள் ஏற்கவில்லை. பதிவேட்டிற் பௌதிகர் என்றே எழுதப்பட்டது. 1972 இல் டூரிங் பரிசுரையில் இதனை அவரே நகைச்சுவையோடு கூறினார்.

அவர் மூன்று வாரம் பயின்றது எட்சாக்குக்குச் செய்நிரல் எழுதும் முறை. எட்சாக் 1958 இல் நிறுத்தப்பட்டது. ஆனால், 1956 இல் அவர் வகுத்து 1959 இல் வெளியிட்ட மிகக்குறுகிய பாதை காணும் முறையோ எந்தப் பொறியையும் சார்ந்ததன்று. கணினி விஞ்ஞான மாணவர் இன்றும் அதனைக் கற்கின்றனர். கேம்பிரிட்ச் 1953 இல் ஓராண்டு டிப்ளோமாவைத் தொடங்கியதும், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1962 இற் கணினி விஞ்ஞானத்துக்குத் தனித்துறை நிறுவியதும் இவ்வகை அறிவு திரண்டு வந்த காலத்திலேயாம்.

2012 இற் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப் 2017 இல் மூடப்பட்டது. அதுகொண்டு முகாம் முறையே பிழையெனல் பொருந்தாது. இத்தகைய முகாம்களை நாடுவோருட் பலர், எனியாக் பெண்களைப் போலவே, பிறிதொரு துறையிற் பட்டம் பெற்ற பின்னர் வருவோரேயாவர்.