மெக்காலே பார்க்காத வீடு

வீட்டுக்குள் அடிதடி என்றால் ஸ்டேஷனுக்கு ரெண்டு புகார் வருவது சகஜம். அடித்தவர் கொடுப்பது ஒன்று, திருப்பி அடித்தவர் கொடுப்பது ஒன்று. கேஸ், கவுண்டர் கேஸ். "ரெண்டு பேருமேதான கை நீட்டியிருக்கீங்க" என்று சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். சட்டமும் இப்படித்தான் சொல்கிறதா என்று தேடிப்போன நான் கடைசியில் போய் நின்றது மெக்காலேயிடம்.

அவர் தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் தண்டனைச் சட்ட வரைவைக் கொடுத்தது. 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த நாட்டு மக்கள் கொள்ளைக்காரன் வந்தாலும் பொறுத்துப்போகிறவர்கள், இவர்களைக் கட்டுப்படுத்துவதைவிட ஆண்மையோடு எதிர்க்கத் தூண்டுவதே முக்கியம் என்பது மெக்காலேயின் எண்ணம்.

அதனால் தற்காப்பு பற்றிய 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தாராளமானவை. தன் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும் காக்கலாம். உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், வன்புணர்வு நடக்கும் என்று நியாயமாக அஞ்சினால், தாக்குபவர் செத்தாலும் குற்றமில்லை. தேவைக்கு மேல் போகக்கூடாது, காவல்துறையை நாட நேரமிருந்தால் உரிமை இல்லை என்பவை 99ஆம் பிரிவின் வரம்புகள்.

ஆனா, அங்கே வரும் எடுத்துக்காட்டுகளைப் பாருங்க. பித்துப்பிடித்துக் கொல்ல வருகிறவன். ராத்திரியில் வீட்டுக்குள் வருபவரைத் திருடன் என்று நினைத்துத் தாக்குகிறவன். சூழ்ந்துகொண்ட கும்பல். புருஷன் இல்லை, அண்ணன் இல்லை.

வழிப்பறியில் 'நேரமிருந்ததா' என்பது எளிய கேள்வி. பத்து வருஷமா அடிவாங்குகிறவளுக்கு? நேற்றும் நேரமிருந்தது, நாளைக்கும் இருக்கும். அடி விழும் நிமிஷத்தில்தான் இல்லை.

1967இல் முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்துவைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தற்காப்பு என்று வாதிடாவிட்டாலும், சாட்சியங்களில் அது தெரிந்தால் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். அதை ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கலாம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும்.

2012இல் மதுரையில், மகளை வன்புணர முயன்ற கணவனை ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் இறந்தான். 100ஆம் பிரிவைச் சொல்லிக் காவல்துறை அவரை விடுவித்தது. நாடு முழுக்கச் செய்தியானது. அந்தப் பிரிவு அன்றைக்கு எழுதியதல்ல. 150 வருஷமாக அங்கேயேதான் இருந்தது. அதை ஒரு வீட்டுக்குள் வைத்து வாசிக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. இதே பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரை. எண் மாறிவிட்டது. எடுத்துக்காட்டில் வீட்டு ஆள் இன்னும் வரவில்லை.