துணியின் சுபாவமும் உஷ்ண அச்சும்

ஓரிடத்தில் தீட்டிய சித்திரத்தை வேறொரு பொருளின்மேல் மாற்றிப் பதிக்கும் வித்தை புதியதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஜான் சாட்லர், கை கிரீன் என்னும் இருவர், ஆறு மணி நேரத்திற்குள் 1,200-க்கும் மேற்பட்ட மெருகு ஓடுகளில் சித்திரம் பதித்ததாக 1756-ஆம் வருஷத்திலேயே சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்தார்கள். ஆயினும் ஓட்டுக்கு இசைந்த அந்த வித்தை, மடங்கியும் நீண்டும் வியர்வையிலும் சலவையிலும் உழன்றும் தேய வேண்டிய வஸ்திரத்திற்கு இசைவதற்கு, இரண்டு நூற்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அக்காத்திருப்புக்கு முடிவு கட்டியது ஒரு புதிய இழை. மான்செஸ்டரைச் சேர்ந்த துணி அச்சிடுவோர் சங்கமொன்றின் ஆராய்ச்சிச் சாலையில், 1941-ஆம் வருஷம் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டறிந்தார்கள். நீரில் கரையாத ஒரு வகைச் சாயமோ, அசிடேட் துணிக்கென்று 1920-களிலேயே ஆக்கப்பட்டிருந்தது. பிரான்சின் ரூபே நகரத்துக் கம்பளி ஆலையொன்றில் பணிபுரிந்த நோயல் த பிளாஸ், 1957-இல் இவ்விரண்டையும் உஷ்ணத்தால் இணைக்கும் மார்க்கத்தைக் கண்டறிந்தார். கர்ப்பூரத்தைப் போலவே அச்சாயமும், திரவமாகாமல் நேரே ஆவியாகி, சுமார் 200 டிகிரி சூட்டில் நெகிழ்ந்து நிற்கும் பாலியெஸ்டரினுள் புகுந்து, ஆறியபின் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடுகிறது. சப்ளிமேஷன் என்று இன்று எல்லோரும் சொல்லும் அச்சு இதுவே. இதில் வர்ணம் துணியின்மேல் ஒட்டுவதில்லை, துணியாகவே ஆகிவிடுகிறது.

நீரை விரும்பும் பருத்தியோ இச்சாயத்தை ஏற்பதில்லை. ஆதலால் 1970-களில் அமெரிக்கக் கடைகளில் வாடிக்கையாளர் கண்ணெதிரே டி-ஷர்ட்டில் படம் பதித்துக் கொடுத்தவர்கள், காகிதத்தில் அச்சிட்டு வைத்த பிளாஸ்டிக் மையை உஷ்ணத்தால் இளக்கி இழைகளைப் பற்றச் செய்யும் வேறொரு முறையைக் கைக்கொண்டார்கள். நம் ஊர்க் கடைகளின் ஸ்டிக்கர் பிரிண்டும் அந்த வம்சத்தையே சேர்ந்தது.

வீட்டு இஸ்திரிப் பெட்டியாலும் இவ்வுஷ்ண அச்சை ஒருவாறு செய்யலாமெனினும், உஷ்ணம், அழுத்தம், காலம் ஆகிய மூன்றையும் ஒருசேர நிலைநிறுத்த அதனால் இயலாது. அதற்காகவே ஹீட் பிரஸ் தோன்றியது. வாய் திறப்பதுபோல் மேல்தகடு எழும் யந்திரம் சிறிய இடத்தில் அடங்குமாயினும், தடித்த துணியைக் கீல் இருக்கும் பக்கத்தில் முதலில் நெருக்கிவிடும். மேல்தகடு பக்கவாட்டில் விலகிப் பின் நேராக இறங்கும் யந்திரமோ, இடம் அதிகம் கேட்பினும் எங்கும் சமமாக அழுத்தும். எவ்வகையாயினும், தகட்டின் நடுவிலுள்ள சூடு மூலைகளிலும் உண்டா என்று சோதித்தே வாங்க வேண்டும். படத்தை வைப்பதற்கு முன் வெறுந்துணியைச் சில விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்குவதும், பொத்தானும் தையலும் தகட்டுக்கு வெளியே இருக்குமாறு பரப்புவதும், சாயமேற்றிய பாலியெஸ்டரில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டும்போது சூட்டைக் குறைப்பதும் அவசியம். குறைக்காவிடில் துணியின் சாயமே மேலெழும்பி வெள்ளையைக் கறைப்படுத்தும்.

பருத்திப் பனியனுக்குப் பேர்பெற்ற திருப்பூரிலேயே பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டைகளும் தயாராகும் இக்காலத்தில், இத்தொழிலில் இறங்குபவர் யந்திரத்தின் விலையை விசாரிப்பதற்கு முன், தாம் அச்சிடப்போகும் துணி எது என்பதைத் தீர்மானித்துக்கொள்வதே விவேகம்; ஏனெனில் இவ்வித்தையின் ஒவ்வொரு முன்னேற்றமும் துணியின் சுபாவத்தை அறிந்ததனால் விளைந்ததேயன்றி, யந்திரத்தின் பலத்தால் மட்டும் விளைந்ததன்று.