ஒரே வட்டில் இரண்டு குடித்தனம்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, ஜெயலலிதா அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. இலவசம் சரியா தப்பா, பிள்ளைகள் அதில் பாடம் படித்தார்களா சினிமா பார்த்தார்களா என்று அப்போது நிறையப் பேசினோம். அந்தக் கணினிகளின் வட்டுக்குள் என்ன இருந்தது என்பதைப் பற்றிப் பேசியவர்கள் லினக்ஸ் பித்துப் பிடித்த எங்களைப் போன்ற சிலர்தான்.

தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று போஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. 2007இல் முதல் பதிப்பு வந்தது. கணினியைத் திறந்ததும் கருப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். எதையும் தொடாமல் விட்டால் சில விநாடிகளில் அதுவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. 2006 முதல் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ், அந்த நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியவர். அரசு வாங்கும் கணினிக்கு லினக்ஸ் போதும் என்று வெளிப்படையாகச் சொன்ன அதிகாரி நம் ஊரில் அவருக்கு முன் யாரும் எனக்கு நினைவில்லை. அவர் போனபின் அந்த வேகம் குறைந்தது, முற்றாக நிற்கவில்லை. லினக்ஸை விடவும் மனமில்லை, விண்டோஸ் இல்லாமல் கொடுக்கவும் துணிவில்லை என்ற நிலையில் இரண்டையும் போட்டுக் கொடுத்தார்கள் என்பது என் கணிப்பு.

இரண்டையும் ஒரே வட்டில் போடுவது எளிதாகத் தெரியும். அப்படி இல்லை. 1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தபோது அதில் 10 மெகாபைட் வட்டு இருந்தது. கூடவே வந்த டாஸ் 2.0, வட்டைப் பாகம் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. வட்டின் முதல் செக்டர், வெறும் 512 பைட். முன்பகுதியில் கணினியை எழுப்பும் சின்ன நிரல். 446ஆவது பைட்டுக்குப் பின் 64 பைட்டில் பாகப்பிரிவினைப் பத்திரம், நான்கே வரி. கடைசி இரண்டு பைட்டில் ஒரு முத்திரை. இதற்குப் பெயர் மாஸ்டர் பூட் ரெக்கார்டு. நாலு பேருக்கு மேல் பங்கு கேட்டால் ஒருவர் பங்குக்குள்ளேயே உள்பங்கு பிரிக்க வேண்டும். நம் குடும்பச் சொத்து மாதிரியேதான்.

பின்னால் வந்த விண்டோஸ் என்டி, நிரலுக்கும் பத்திரத்துக்கும் இடையில் 4 பைட்டை எடுத்துக்கொண்டு வட்டுக்கு ஓர் அடையாள எண் எழுதிவைத்தது. லினக்ஸ் பக்கத்தில் கிரப் என்ற துவக்கி, 440 பைட்டுக்குள் முழுசாக அடங்காமல், தன் உடம்பின் பெரும்பகுதியை முதல் செக்டருக்கும் முதல் பாகத்துக்கும் நடுவில் இருந்த காலியிடத்தில் வைத்துக்கொண்டது. அந்த இடம் எந்தப் பாகத்துக்கும் சொந்தமில்லை, பத்திரத்திலும் கிடையாது. புறம்போக்கு.

அதனால்தான் பாகம் பாகமாக நகலெடுத்தால் புது வட்டு எழுந்திருக்காது. எல்லாக் கோப்பும் வந்து சேர்ந்திருக்கும், புறம்போக்கில் குடியிருந்தவன் மட்டும் வந்திருக்க மாட்டான்.

முழு வட்டையும் அப்படியே நகலெடுக்கும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. யூனிக்ஸின் 'டிடி' 1970களிலிருந்து இருக்கிறது. நியூசிலாந்துக்காரர் மரே ஹஸார்ட் 1990களின் நடுவில் எழுதிய கோஸ்ட், 1998இல் சிமாண்டெக் கைக்குப் போய் உலகம் சுற்றியது. நம் கல்லூரி லேப்களில் 'கோஸ்ட் போடு' என்பது ஒரு வினைச்சொல்லாகவே இருந்தது. தைவானிலிருந்து வந்த குளோன்ஸில்லா இலவசம். சென்னையில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார்கள். லினக்ஸ் பயனர் குழு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடியில் கூடும். பிசிக்வெஸ்ட் இதழோடு வந்த குறுந்தகடு கைமாறும். ஆனால் அந்த அறைக்கும் ரிச்சி தெருவுக்கும் நடுவே தூரம் அதிகம். மடிக்கணினி பழுதானால் மக்கள் போவது ரிச்சி தெருவுக்குத்தான்.

நொச்சிக்குப்பத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு கணினியும் அப்படி ஒரு கடைக்குப் போய்த் திரும்பியதுதான். மூடியில் அரசு முத்திரை, உள்ளே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். (திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற அனுமதிக்காத பதிப்பு அது. அதை வடிவமைத்தவரை ஒருநாள் பார்க்க ஆசை.) கலங்கரை விளக்கத்துக்கும் சாந்தோமுக்கும் நடுவே லூப் ரோட்டை ஒட்டிய வீடு. உப்புக்காற்றில் திருகுகள் துருப்பிடித்திருந்தன. 320 ஜிபி வட்டு, கடிகாரம் மாதிரி டிக் டிக் என்றது.

"கடையில இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"சி, டி ரெண்டையும் காப்பி பண்ணி புது டிஸ்க்ல விண்டோஸ் போட்டுத் தரேன்னாங்கண்ணா. போஸ்ல இருக்கறது வேணும்னேன். அப்படி ஒண்ணும் இதுல இல்லையேம்மான்றாங்க."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் வட்டைத் தன் விண்டோஸ் கணினியில் மாட்டிப் பார்த்திருப்பார். 2007இல் என்டிஎஃப்எஸ்-3ஜி நிலையான வடிவத்துக்கு வந்தபின் லினக்ஸால் விண்டோஸ் பாகத்தைப் படிக்கவும் எழுதவும் முடிந்தது. விண்டோஸ் 7 பதிலுக்கு அந்த மரியாதையைச் செய்யவில்லை. எக்ஸ்ட்4 பாகத்துக்கு அது ஓர் எழுத்தைக்கூட ஒதுக்காது. 'மை கம்ப்யூட்டர்' திறந்தால் அப்படி ஒரு குடித்தனம் இருப்பதே தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு அங்கே இருந்தது அவள் தாத்தாவின் குரல். கல்லூரியில் ஒரு பணிக்காக, கட்டுமரம் ஓட்டிய காலத்தைப் பற்றி அவரைப் பேசவைத்து மடிக்கணினியின் கேமராவிலேயே பதிந்திருக்கிறாள். வாடை எப்போது, கொண்டல் எப்போது, எந்தக் காற்றில் எந்த மீன் என்று மூன்று மணிநேரத்துக்குமேல். போஸில் ஏன் வைத்தாய் என்று கேட்டேன். கல்லூரி பென் டிரைவ்களில் சுற்றிய வைரஸ், ஃபோல்டர்களையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. "போஸ்ல வைரஸ் வராதுன்னு எங்க சாரே சொன்னாரு." தாத்தா இப்போது இல்லை.

இந்த ஒரு பதிலில், அரசுக் கோப்புகளில் இல்லாத பயன்பாட்டு வரலாறு இருக்கிறது. போஸை யாரும் தொடவில்லை என்று எங்கள் வட்டாரத்தில் பொதுவாகச் சொல்வோம். தொட்டவர்கள் சிலர் அதைப் பெட்டகமாகத் தொட்டிருக்கிறார்கள். 50 லட்சத்தில் எத்தனை பேர் எதை அங்கே வைத்தார்கள், கடைமேசையில் 'ஒண்ணும் இல்லை' என்று எத்தனை போயிற்று என்று யாரும் எண்ணப்போவதில்லை.

டிக் டிக் சத்தம் கேட்கும் வட்டுக்கு டிடி ஆகாது, முதல் பிழையிலேயே நின்றுவிடும். 2004இலிருந்து வரும் குனூ டிடி-ரெஸ்க்யூ வேறு மாதிரி. நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்து, பிறகு பொறுமையாகத் திரும்பிவரும். என் மேசைக் கணினியில் பழையதையும் புது 480 ஜிபி எஸ்எஸ்டியையும் மாட்டி, முதல் செக்டரிலிருந்து கடைசி வரை ஓடவிட்டேன். நல்ல வட்டென்றால் ஒன்றரை மணிநேர வேலை. இது விடியும்வரை ஓடியது.

முடிந்ததும் பழைய வட்டைக் கழற்றியாக வேண்டும். பைட்டுக்குப் பைட் நகல் என்றால் அடையாள எண்ணும் அதே. இரண்டும் சேர்ந்து மாட்டியிருந்தால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும் அல்லது எண்ணை மாற்றி எழுதும். எண் மாறிய வட்டில் விண்டோஸ் எழாது. லினக்ஸும் பாகங்களை யுயுஐடி எண்ணை வைத்தே தேடுவதால், எந்த இரட்டையரைத் திறக்கிறோம் என்று அதற்கும் தெரியாது. மீதமிருந்த 160 ஜிபியை உள்பங்குகள் இருந்த கடைசிப் பாகத்தை நீட்டி போஸுக்கே கொடுத்தேன்.

2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் கைவிரித்தபோது, தமிழக அரசு தன் துறைகளை போஸுக்கு மாறச் சொன்னது. 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மீண்டும் கணினி என்று அறிவித்தார்கள். இன்றைய வட்டுகளில் ஜிபிடி முறை. பத்திரத்தில் 128 வரி, கிரப்புக்குப் புறம்போக்கு தேவையில்லை, பட்டா நிலமே உண்டு. ஆனால் அந்த வட்டுகளிலும் முதல் செக்டரில் 1983இன் பத்திரம் ஒப்புக்கு எழுதப்பட்டிருக்கும். பழைய நிரல் எதாவது பார்த்து, வட்டு காலி என்று நினைத்துவிடக் கூடாதே என்று.

நொச்சிக்குப்பத்து வட்டில் கடைசிவரை படிக்க முடியாமல் போனது 80 செக்டர், மொத்தம் 40 கிலோபைட். வரைபடக் கோப்பை வைத்து அவை எங்கே விழுந்தன என்று தேடினேன். எல்லாமே விண்டோஸின் பேஜ்ஃபைலுக்குள் இருந்தன.