ரோட்ஸ் தீவில் ஒரு பகல்

1844ஆம் ஆண்டில் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே, பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் அளித்த இலவசச் சீட்டில் மத்தியதரைக் கடலைச் சுற்றிவந்தார். கல்கத்தாவிற் பிறந்த அவர் அப்போது பெரும்புகழ் எய்தாதவர். துறைதோறும் சிறிது பொழுது இறங்கி, கண்டதை எழுதி, மீண்டும் கப்பலேறும் முறை அப்பயணத்திலேயே அரும்பியது எனலாம். டிட்மார்ஷ் என்னும் புனைபெயரில் 1846இல் வெளிவந்த அவரது பயணநூலில் ரோட்ஸ் தீவுக்கும் ஓர் இயல் உண்டு.

இன்றும் அத்தீவின் வணிகத் துறைமுகத்தில் காலையில் அணையும் உல்லாசக் கப்பல்கள் மாலையில் அகன்றுவிடுகின்றன. இடைப்பட்ட சில மணி நேரமே பயணிகளுக்கு உரியது. மதிலின் கடல்வாயில் அருகிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழைவது எளிது. ஊரைப் படிப்பதுதான் அரிது.

முதலில் எல்லோரும் தேடுவது சூரியதேவனின் வெண்கலச் சிலையை. திமெத்ரியஸ் என்னும் மன்னன் கி.மு. 305இல் தீவை முற்றுகையிட்டுத் தோற்று மீள, அவன் விட்டுச்சென்ற போர்க்கருவிகளை விற்ற பொருளில் லிந்தோஸ் ஊரின் கேரஸ் எழுப்பிய சிலை அது. ஏறத்தாழ 33 மீட்டர் உயரம். கி.மு. 226ஐ ஒட்டிய நிலநடுக்கத்தில் முழங்காலொடிந்து வீழ்ந்தது. நின்றது அறுபது ஆண்டுக்குக் குறைவு. கிடந்ததோ பல நூற்றாண்டு. துறைமுக வாயிலின் இரு கரையிலும் கால்பரப்பி நின்றதென்பது பிற்காலத்தார் கற்பனை. எனினும் மந்த்ராக்கித் துறையின் இரு தூண்களிலும் நிற்கும் மான்களைக் காட்டி, 'இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால்' என்று சொல்லும் வழக்கம் ஓயவில்லை. கற்பனைக்குத்தான் எத்துணை ஆயுள்!

கவிஞர்கள் தேடவேண்டியவர் வேறொருவர். ஏறத்தாழ கி.மு. 300இல் வாழ்ந்த ரோட்ஸ் நாட்டுச் சிமியஸ், கோடரி, சிறகு, முட்டை ஆகியவற்றின் வடிவில் அடிகள் அமையுமாறு பாடியவர். சித்திரகவி அறிந்தார்க்கு அவர் அயலாராகத் தோன்றார். அவர்க்குச் சிலை ஏதும் எழவில்லை. பாட்டு மட்டும் எஞ்சியது.

மதிலுக்குள் காண்பன பெரும்பாலும் புனித யோவான் சபை வீரர்களின் பெயரால் வழங்குவன. 1309 முதல் தீவை ஆண்ட அவ்வீரர்கள் 1480இல் துருக்கியரை எதிர்த்து நின்றனர். 1522இல் சுலைமானின் ஆறு மாத முற்றுகைக்குப் பணிந்து, 1523 சனவரி முதல் நாள் வெளியேறினர். அவர்களுடைய தலைவரின் அரண்மனையே பயணிகள் மிகுதியாகப் படமெடுக்கும் கட்டடம். ஆனால் 1856இல் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து நகரின் மேற்பகுதி சிதைந்தது; நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; யோவான் தேவாலயமும் அழிந்தது. தாக்கரே வந்தபோது நின்றது பன்னிரண்டு ஆண்டில் இல்லாதொழிந்தது. இன்றுள்ள அரண்மனை, 1912இல் தீவைக் கைப்பற்றிய இத்தாலியர் 1937 முதல் 1940 வரை மீட்டெடுத்துக் கட்டியது. கோஸ் தீவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த பழைய மணிக்கற்சித்திரங்கள் அதன் தரையில் பதிக்கப்பட்டன. இடைக்காலம் என்று பயணி வியப்பதிற் பெரும்பங்கு முசோலினி காலத்துக் கைவேலை. கட்டியவர் திறத்தைக் குறைகூற வேண்டுவதில்லை. காலத்தை மாற்றிச் சொல்வதுதான் குறை.

அரண்மனைக்கு நெடுவரிசை நிற்க, கிழக்கே யூதர் குடியிருப்பில் கூட்டம் குறைவு. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்ந்தனர். லதீனோ எனப்படும் பழைய ஸ்பானியமே அவர்தம் வீட்டுமொழி. அரசர், காதலர், பிரிவு பற்றிய கதைப்பாடல்களைப் பெண்கள் வாய்மொழியாகவே காத்துவந்தனர். ஸ்பெயின் அவர்களைத் துரத்தியது. அவர்களோ அதன் பாட்டைத் துரத்தவில்லை.

1944 சூலையில் செர்மானியப் படையினர் அவர்களைத் திரட்டினர். கோஸ் தீவினரையும் சேர்த்து ஏறத்தாழ 1,700 பேர். துருக்கியத் தூதர் செலகத்தின் உல்குமென் வாதாடி, துருக்கியக் குடியுரிமையாளரும் அவர் குடும்பத்தாருமாக நாற்பதுக்கும் மேற்பட்டோரை விடுவித்தார். ஏனையோர் சூலை 23ஆம் நாள் துறைமுகத்திற்கு நடத்தப்பட்டுச் சரக்குப் படகுகளில் ஏற்றப்பட்டனர். கோடை வெயிலில் கடல்வழி பிரேயஸ். அங்கிருந்து தொடர்வண்டியில் ஆசுவிட்ஸ். ஆகஸ்டு 16இல் அங்கே சேர்ந்தனர். உயிர்பிழைத்தோர் ஏறத்தாழ 150 பேர். பாட்டிகளும் குழந்தைகளும், அஃதாவது பாடுவோரும் கேட்போரும், ஒருசேர மறைந்தனர். ஏட்டிலேறாத பாடல்கள் எத்தனை அவர்களோடு போயின என எண்ணுவார் இலர்.

குடியிருப்பின் நடுவேயுள்ள சதுக்கம் இன்று யூதத் தியாகிகளின் பெயரால் வழங்குகிறது. நடுவில் கடற்குதிரைகள் தாங்கிய நீரூற்று. பயணிகள் அதைச் சுற்றி இளைப்பாறிப் பனிக்கூழ் உண்கின்றனர். அருகிலுள்ள கருங்கல் தூணை நாற்காலிகளுக்கிடையே தவறவிடுவோர் பலர். அங்கிருந்து சந்து வழியே சிறிது நடந்தால், 1577இல் கட்டப்பட்ட ககால் சாலோம் தொழுகைக் கூடம். கருப்பும் வெள்ளையுமான கூழாங்கற்களால் அதன் தரை கோலமாக இழைக்கப்பட்டுள்ளது. இது எங்கிருந்தும் பெயர்த்துக் கொணரப்பட்டதன்று.