தம்புள்ளையில் மாறிய கணக்கு

விகாரைக்குச் சொந்தமான 60 ஏக்கர் நிலத்தில், 167 நாட்களில் தம்புள்ளை மைதானம் எழுந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கொழும்பில் மழை கொட்டும் மாதங்களிலும் ஆட்டம் நடக்க வேண்டும் என்ற யோசனையால் மாத்தளை மாவட்டத்துக்கு சர்வதேச கிரிக்கெட் வந்தது. அதே மைதானத்தில் ஏழு வருட இடைவெளியில் இரண்டு விதமாக ஆடிய ஓர் எதிரணியைப் பற்றி இந்த வாரம் பேசுவோம்.

2010 ஜூனில் ஆசியக் கிண்ணத்தின் ஆட்டங்கள் அத்தனையும் தம்புள்ளையில்தான் நடந்தன. பங்களாதேஷ் மூன்றில் ஆடி மூன்றிலும் தோற்றது. இந்தியாவிடம் 167 ஓட்டங்களுக்குச் சுருண்டது; இலங்கையிடம் 126 ஓட்டங்களால் தோற்றது; பாகிஸ்தானோ அவர்களுடைய பந்துவீச்சைப் பிரித்து மேய்ந்து 385 குவித்தது. பங்களாதேஷுடன் ஆட்டம் என்றால் நம்மவர்கள் நாணயச் சுழற்சிக்கு முன்பே வெற்றியை எழுதிவிடுகிற காலம் அது.

அதே வருடம் இலங்கை கிரிக்கெட் சபை ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது. பெயர் சந்திக்க ஹத்துருசிங்க. 26 டெஸ்ட் ஆடிய முன்னாள் ஆரம்பத் துடுப்பாட்ட வீரர். அப்போது தேசிய அணியின் பயிற்றுவிப்புக் குழுவில் இருந்தார். சிம்பாப்வே சுற்றுப்பயணம் முடிவதற்கு முன்பே அவுஸ்திரேலியாவில் ஒரு பயிற்சி நெறிக்குப் போனார் என்பது குற்றம். தலைவர் சங்கக்கார அவருக்காகப் பரிந்து பேசியும் சபை மசியவில்லை. மனிதர் அவுஸ்திரேலியாவுக்கே போய், நியூ சவுத் வேல்ஸ் அணியில் துணைப் பயிற்றுவிப்பாளரானார்.

2014 இல் பங்களாதேஷ் அவரை அழைத்தபோது அந்த அணி அடிமட்டத்தில் கிடந்தது. சொந்த மண்ணில் ஆப்கானிஸ்தானிடமும் ஹொங்கொங்கிடமும் தோற்றிருந்தது. புதியவரின் முதல் தொடரிலும் விடியவில்லை: மிர்பூரில் இந்தியாவை 105 க்குச் சுருட்டிவிட்டு, தானும் 58 க்குச் சுருண்டது.

அதற்குப் பிறகுதான் திருப்பம். வருட இறுதியில் ஒருநாள் அணியின் தலைமை மஷ்ரபி மோர்தசாவுக்கு வந்தது. 2015 உலகக் கிண்ணத்தில் அடிலெய்டில் இங்கிலாந்தை வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார்கள். அதே வருடம் உள்ளூரில் பாகிஸ்தான், இந்தியா, தென்னாபிரிக்கா மூன்றும் ஒருநாள் தொடர்களை இழந்தன. சுழலை நம்பியே பிழைத்த அணி, மிர்பூரில் இந்தியாவுக்கு எதிராக நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை இறக்கியது. அவர்களில் அறிமுக வீரர் முஸ்தாபிசுர் ரஹ்மான் முதல் இரண்டு ஆட்டங்களில் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

ஹத்துருசிங்க இனிமையான ஆள் என்று யாரும் சொன்னதில்லை. வீரர் தெரிவிலும் தனக்கு இடம் வேண்டும் என்று நின்று வாங்கினார். 2016 இல் தெரிவுக்குழுத் தலைவர் பாரூக் அஹமட் அதை எதிர்த்துப் பதவி விலகினார். மூத்தவர்களை உட்கார வைக்கவும் தயங்கவில்லை. பங்களாதேஷின் 100 ஆவது டெஸ்டிலேயே மஹ்முதுல்லாஹ்வுக்கு இடமில்லை.

அந்த டெஸ்ட் 2017 மார்ச்சில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் நடந்தது. தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. ஹத்துருசிங்க அந்தக் கழகத்துக்காக ஆடியவர். 191 என்ற இலக்கை எட்டி, டெஸ்டில் இலங்கையை முதல் தடவையாக வென்றது அவருடைய அணி.

ஆறு நாள் கழித்து, மார்ச் 25 ஆம் திகதி, தம்புள்ளை. நாணயச் சுழற்சியில் வென்ற உபுல் தரங்க களத்தடுப்பைத் தேர்ந்தெடுத்தார். தமிம் இக்பால் அவசரப்படவில்லை. 142 பந்துகளில் 127. ஷகிப் அல் ஹசனோடு நான்காவது விக்கெட்டுக்கு 144 ஓட்டங்கள் சேர்த்தார். மொத்தம் 5 விக்கெட்டுக்கு 324. பதிலுக்கு இலங்கை 46 ஆவது ஓவரில் 234 க்குச் சகலதும் இழந்தது. 2010 இல் இதே இடத்தில் 126 ஆல் வாங்கிய அடிக்கு 90 ஆல் பதில். டெஸ்ட், ஒருநாள், இருபதுக்கு20 என்று மூன்று தொடர்களும் 1-1 என முடிந்தன. இலங்கை மண்ணில் பங்களாதேஷுக்கு அது பெரிய காரியம்.

எல்லாம் ஒருவரின் கைவண்ணம் என்று சொல்ல மாட்டேன். அவர் வருவதற்கு முன்பே, 2012 ஆசியக் கிண்ணத்தில் இதே தமிமும் ஷகிப்பும் இந்தியாவையும் இலங்கையையும் தோற்கடித்து, இறுதியாட்டத்தை 2 ஓட்டங்களில்தான் பாகிஸ்தானிடம் விட்டார்கள். சரக்கு இருந்தது, அதை வருடம் முழுக்க வெளியே எடுக்க வைத்தவர் அவர்.

2017 இறுதியில், துரத்திய சபையே ஹத்துருசிங்கவைத் திருப்பி அழைத்தது. மறுவருடத் தொடக்கத்தில் பங்களாதேஷுக்குப் போன இலங்கை முத்தரப்புக் கிண்ணம், டெஸ்ட், இருபதுக்கு20 மூன்றையும் வென்று வந்தது. எதிரணியின் பலவீனம் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் 2019 உலகக் கிண்ணத்துக்குப் பின் சபை மறுபடி அவரை விலக்கியது. 2023 இல் பங்களாதேஷ் இரண்டாம் தடவை அழைத்துக்கொண்டது; அடுத்த வருடம் அங்கிருந்தும் நீக்கப்பட்டார்.

(தொடரும்)